கனமான ரகம்

அந்தக் கடைத்தெருவில் தையல் சாமான் விற்பவருக்கு ‘சூடு பத்தல’ என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. நேரில் எல்லோரும் அண்ணா என்றோ சார் என்றோதான் அழைத்தார்கள். அவர் அந்தப் பக்கம் நகர்ந்த பிறகுதான் பெயர் வெளியே வரும். யார் எந்தக் கோளாறோடு வந்து நின்றாலும், துணியைப் பிரிப்பதற்கு முன்பே அவர் வாயிலிருந்து விழும் பதில் அது. பெயர் ஒருநாள் அவர் காதுக்கும் எட்டியது. அவர் கோபப்படவில்லை, விஷயம் தெரிந்தவனுக்குத்தான் பட்டப்பெயர் வைப்பார்கள் என்று எடுத்துக்கொண்டார். கேலியைப் பாராட்டாக வாங்கிக்கொள்ள ஒரு மனிதனுக்கு அப்படியொன்றும் பெரிய முயற்சி தேவைப்படுவதில்லை.

கடை ஒடுக்கமானது. இரண்டு கைகளையும் நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். நீளம் மட்டும் ரயில் பெட்டி போல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வாசல் பக்கம் பொத்தான்கள், கண்ணாடிக் குழாய்களில். ஒவ்வொரு குழாயின் மூடியிலும் உள்ளே இருக்கும் பொத்தான் ஒன்று ஒட்டியிருக்கும். அடுத்தது கம்பியில் தொங்கும் ஜிப்புகள். அப்புறம் நூல்கண்டுச் சுவர். அதில் சிவப்பு என்று கேட்டால் எந்தச் சிவப்பு என்று திருப்பிக் கேட்பார். கடைக்கோடியில், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில், பசைவலைச் சுருள்கள் நின்றன.

துணியின் மேல் துணியால் உருவம் வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலைக்கு, அதிலும் துணித் துண்டுகளை இணைத்துக் குயில்ட் போர்வை தைப்பவர்களுக்கு, பசைவலை இல்லாமல் கை ஓடாது. சிலந்தி வலையை நசுக்கி ஒரு காகிதத்தின் மேல் பரப்பியது போல இருக்கும் அது. காகிதத்தில் பூவையோ பறவையையோ வரைந்து, துணியின் பின்பக்கம் வைத்து, இஸ்திரிப்பெட்டியால் அழுத்த வேண்டும். பசை உருகித் துணியைப் பிடித்துக்கொள்ளும். கோட்டின் மேல் வெட்டி, காகிதத்தை உரித்து, போர்வைத் துணியில் வேண்டிய இடத்தில் வைத்து மறுபடி அழுத்தினால் உருவம் நகராமல் உட்காரும். பிறகு மிஷினில் அதன் ஓரத்தைச் சுற்றித் தைக்க வேண்டும். இந்த வலையில் மெல்லியது, நடுத்தரம், கனமானது என்று ரகங்கள் உண்டு. கடையில் மூன்றும் இருந்தன. ஆனால் யார் கேட்டாலும் அவர் கை கனமான ரகத்தின் மேல்தான் போகும்.

அதற்கு அவர் வாழ்க்கையில் காரணம் இருந்தது. மீசை அரும்பும் வயதில் அவர் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே எடைதான் எல்லாம். அடி கனத்த பாத்திரம் நல்ல பாத்திரம், மற்றது தகரம். பாத்திரத்தை வாங்குபவரின் கையில் கொடுத்து, கை சற்றுத் தாழ்வதையும், தாழ்ந்த கணத்தில் முகத்தில் ஒரு நம்பிக்கை வருவதையும் அவர் தினமும் பார்த்தார். விரல் முட்டியால் தட்டிக் காட்டுவார். கணீரென்று கேட்டால் வியாபாரம் முடிந்த மாதிரி. கல்யாணத்துக்குப் பிறகு மாமனாரின் தையல் சாமான் கடை அவர் பொறுப்புக்கு வந்தது. சரக்கு மாறியது, அளவுகோல் மாறவில்லை. தைக்கத் தெரியாதவர் தையல் சாமான் விற்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. நீந்தத் தெரியாதவர்கள் படகு விற்கிறார்கள்.

வாங்கிப் போனவர்கள் சில சமயம் திரும்பி வருவார்கள். ஓரம் தூக்குகிறது என்றால் சூடு பற்றவில்லை. தையல் விட்டுவிட்டு விழுகிறது என்றால் ஊசி மட்டம். அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது என்றால் துவைக்கத் துவைக்கச் சரியாகிவிடும். இவை மூன்றுக்கும் அடங்காத புகார் வந்தால், “பழகணும்மா, கைப்பழக்கம்தான்” என்பார். அநேகமாக யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. தங்கள் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். சரக்கில் குறை என்று சொல்வதைவிடத் தன்னிடம் குறை என்று நம்புவது அவர்களில் பலருக்கு எளிதாக இருந்தது. அவருடைய வியாபாரத்தில் பாதி அதன் மேல்தான் நின்றது. அவருக்கு அது தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்த குரலில் சொன்னார். இரண்டுக்கும் உள்ள தூரம் அவர் நினைத்ததைவிடக் குறைவு.

அவர் மனைவி கடைக்காரரின் மகளாகப் பிறந்தும் கடைக்குள் வந்து நின்றதில்லை. ஆனால் தைப்பாள். மகளின் கவுன்கள், ஜன்னல் திரைகள், தலையணை உறைகள் எல்லாம் அவள் கையில் உருவானவை. தைத்ததைப் பற்றிப் பேச மாட்டாள். மடித்து அலமாரியில் வைத்துவிடுவாள். வேறொரு நகரத்தில் குடியிருக்கும் மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும், தன் கையால் ஒரு குயில்ட் போர்வை தைத்துக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நீலக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு மஞ்சள் வாத்து. இதுவரை அப்ளிக் வேலை செய்ததில்லை. எந்த வலை வாங்க வேண்டும் என்று கணவரிடம் கேட்டாள். வேறு யாரைக் கேட்பாள்?

அவர் கனமான ரகத்தில் ஒரு முழுச் சுருளையே தோளில் சாய்த்து எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குச் செய்வதில் கஞ்சத்தனம் கூடாது என்பது அவர் எண்ணம்.

சாப்பாட்டு மேசை இஸ்திரி மேசையானது. முதல் நாள் வாத்துகளை நேராகவே வரைந்துவிட்டாள். வலையில் வரையும்போது இடவலம் மாற்றி வரைய வேண்டும் என்பது தெரியாததால், ஒட்டி முடித்த வாத்துகள் எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றன. அதற்கு அவள் கவலைப்படவில்லை. “வீட்டுக்குத் திரும்பிப் போகுதுங்க, போகட்டும்” என்றாள். மொத்த வேலையிலும் அவளுடைய தவறு என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

தைக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. வாத்து தட்டு மாதிரி விறைத்து நின்றது. ஊசி உள்ளே போனால் வெளியே வர மறுத்தது. நூல் பிசிறி அறுந்தது. பத்துத் தையல் ஒழுங்காக விழுந்தால் அடுத்தது விழாமல் ஓடியது. ஊசியை மாற்றினாள், நூலை மாற்றினாள், மிஷினுக்கு எண்ணெய் விட்டாள். சாப்பிட வந்த கணவரிடம் சொன்னபோது அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார், சூடு பற்றவில்லை என்று. மறுநாள் சூட்டைக் கூட்டினாள். வாத்தின் வயிறு பழுப்பேறியது. ஓரம் முன்பைவிட மோசமாகச் சுருண்டு எழுந்தது.

“பத்தலன்னீங்க, கூட்டினேன். இப்ப அதிகம்ங்கிறீங்க.”

“அளவு தெரியணும்ல? கைப்பழக்கம்.”

அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. கடையில் சொல்கிற அதே குரலில்தான் சொன்னார்.

ஒரு விடுமுறை நாள் மதியம் அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் வந்திருந்தார்கள். மகள் போனில் முகம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். போர்வை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டாள். அம்மா தயங்கித் தயங்கி ஒரே ஒரு கட்டத்தை எடுத்துவந்தாள். அவர் அதை அவள் கையிலிருந்து வாங்கி, போனுக்கு முன்னால் பிடித்து, பழைய பாத்திரக் கடைப் பழக்கத்தில் வாத்தின் முதுகில் விரல் முட்டியால் தட்டினார். உண்மையாகவே டொக் டொக் என்று கேட்டது.

“உங்கம்மா செஞ்ச வாத்து. உள்ள யாராவது இருக்காங்களான்னு கேளு.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தம்பி, “அண்ணி, இதுல நாலு சேர்த்துத் தைங்க, மழைக்குக் கூரை போட்டுக்கலாம்” என்றான். தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததால், யாரும் எதையும் கவனிக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மிஷின் உறை போட்டு மூலைக்குப் போயிருந்தது. கை முன்போல் இல்லை, கண்ணும் சரியில்லை, வயதானால் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டுதானே என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். வரும் ஞாயிற்றுக்கிழமை தன் ஓரகத்தி, அதாவது அந்தத் தம்பி மனைவி, மிஷினை எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டாள். குழந்தைக்குக் கடையில் போர்வை வாங்கிக்கொள்ளலாம். அவர் ஆமாம், இப்போதெல்லாம் ரெடிமேடிலேயே நல்லது வருகிறது என்றார். மேசை மறுபடி சாப்பாட்டு மேசையானதில் அவருக்கு ஒரு நிம்மதி. வாழ்நாள் முழுதும் தைத்த ஒருத்தி தன் கையை நம்புவதை விட்டுவிட்டாள் என்பது அந்த நிம்மதிக்குள் எங்கோ கிடந்தது. அவர் அதைத் தேடிப் பார்க்கவில்லை.

இதே சமயத்தில் கடைக்கு ஒரு பேருந்து ஓட்டுநர் வந்துகொண்டிருந்தார். காக்கிச் சட்டையோடு, வேலை முடிந்து நேராக வருகிற பெண். தன் அக்கா பிள்ளைகளுக்கு ஒரு போர்வை தைக்கிறார். முதல் தடவை வந்தபோது அவருக்குக் கிடைத்த பதில், சூடு பற்றவில்லை. இரண்டாம் தடவை இஸ்திரிப்பெட்டி பழசு. மூன்றாம் தடவை அந்த அம்மாள் ஒரு பெரிய பையை மேசை மேல் வைத்து, உள்ளேயிருந்து இஸ்திரிப்பெட்டியையே எடுத்தார்.

“அண்ணா, இது என் பொட்டி. இது துணி. இது நீங்க குடுத்த வலை. நீங்களே ஒருதடவை ஒட்டிக் காட்டுங்க. நான் பாத்துக் கத்துக்கறேன்.”

அந்தக் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் கோபித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். பொத்தான் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் செய்தித்தாளை மேசையில் விரித்தார். பெட்டியைச் செருகினார். துணியை வைத்து, அதன் மேல் வலையை வைத்தார். அங்கே கை நின்றது. வலைக்கு இரண்டு பக்கம். ஒன்று வழவழப்பு, ஒன்று சொரசொரப்பு. எது மேலே?

யோசித்தார். சூடு வேண்டியது பசைக்கு. ஆகவே பசைப் பக்கம்தான் பெட்டியைப் பார்த்திருக்க வேண்டும். காரணகாரியமாகப் பார்த்தால் யோசனையில் பழுதில்லை. பொருளை ஒருமுறைகூடத் தொட்டுப் பழகாத யோசனை அது, அவ்வளவுதான். சொரசொரப்பை மேலே வைத்து, சட்டை தேய்ப்பது போலப் பெட்டியை இழுத்தார்.

பெட்டி பாதி வழியில் நின்றது. தூக்கினால் வலையும் காகிதமும் அதோடு எழுந்து வந்தன. உருகிய பசை அடித்தட்டில் குமிழியிட்டுக் கருகியது. புகை வந்தது, கடை முழுதும் நாற்றம். அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு அவசரமாகப் பொத்தான் குழாய்களின் பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது.

ஓட்டுநர் சிரிக்கவில்லை. எட்டிச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

“பரவால்லண்ணா. மொதல் தடவை எனக்கும் இப்படித்தான் ஆச்சு.”

ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் ‘மொதல் தடவை’ என்ற சொல் கடைக்குள் எல்லோருக்கும் கேட்டது. இத்தனை காலம் இதை விற்றவர் இன்றுதான் முதன்முதலாகத் தொடுகிறார் என்பதை அந்த அம்மாள் ஒரு பார்வையில் கண்டுகொண்டுவிட்டார். கண்டுகொண்டதைக் குற்றமாகக்கூடச் சொல்லவில்லை. பெட்டிக்குப் பதில் புதுசு வாங்கித் தருகிறேன் என்று அவர் குழறினார். தேய்த்தால் போய்விடும் என்று சொல்லி, ஆறும் வரை காத்திருந்து, பையில் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் போய்விட்டார்.

அவர் ஷட்டரைப் பாதி இறக்கினார். உள் அறையில் மாமனார் காலத்து மிஷின் ஒன்று இருந்தது. வீட்டிலிருந்து மனைவிக்குத் தெரியாமல் இஸ்திரிப்பெட்டியை எடுத்துவந்தார். அன்று மீதிப் பொழுது முழுவதும் மூன்று ரகங்களையும் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார். காகிதப் பக்கம்தான் மேலே வர வேண்டும், இழுக்கக் கூடாது, வைத்து அழுத்தி எடுக்க வேண்டும் என்று மெல்லப் புரிந்தது. பிறகு கனமான ரகத்தில் ஒட்டிய துணியை ஊசிக்கு அடியில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஊசி மேலே வரும்போது அதன் உடம்பில் பிசின் போல ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டால் இழுபட்டது. மறுபடி சுற்றினார். நூல் பிசிறியது. மனைவி சொன்ன அதே இடத்தில், அவள் சொன்ன அதே விதமாக.

மெல்லிய ரகத்தில் ஒட்டியதை வைத்துச் சுற்றினார். ஊசி தண்ணீரில் போவது போலப் போய் வந்தது. துணியைக் கையில் எடுத்தார். அது துணி மாதிரியே விரல்களின் மேல் மடிந்து விழுந்தது. தைப்பவருக்கு மெல்லியது; தைக்காமல் ஒட்டி மட்டும் விடுபவருக்குக் கனமானது. அவ்வளவுதான் விஷயம். ஒரு பகல் பொழுதில் யாருக்கும் தெரிந்துவிடக்கூடிய விஷயம்.

அவருக்கு முகங்கள் வந்தன. தன் கையைப் பார்த்துக்கொண்டே கடையை விட்டு இறங்கிய முகங்கள். எந்த முகத்துக்கும் பெயர் தெரியவில்லை. அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை. ஒரே ஒருத்திக்குத்தான் முகவரி தெரியும்.

வீட்டுக்கு நடக்கும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். முதலில், எனக்குத் தெரியாமல் உன்னைக் குறை சொல்லிவிட்டேன் என்று வந்தது. தெருத் திரும்புவதற்குள் அது, கம்பெனிக்காரன் சரியாகச் சொல்லவில்லை என்றானது. இன்னும் கொஞ்ச தூரத்தில், எல்லாக் கடையிலும் இப்படித்தான் விற்கிறார்கள் என்று ஆனது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது கையிலிருந்த மெல்லிய ரகத்தை நீட்டினார். வாய் வியாபாரியின் வாய்.

“புதுசா ஒரு ரகம் வந்திருக்கு. சும்மா போட்டுப் பாரேன்.”

அவள் மிஷினை ஓரகத்திக்குக் கொடுப்பதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றாள். பிறகு, மிஷின் ஓடுகிறதா என்று எப்படியும் பார்க்க வேண்டும் என்பதால், ஒரு வாத்தை ஒட்டி வைத்துத் தைத்தாள். வாத்தின் கழுத்தைச் சுற்றி ஊசி போனது. அலகு முனையில் ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்தித் துணியைத் திருப்பினாள். தையல் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த வாத்தை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தி வெறுங்கையோடு திரும்பிப் போனாள். போர்வை வளர்ந்தது. வாத்துகள் இப்போது சரியான பக்கம் பார்த்தன. பெரிய உருவங்களுக்கு வலையின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு ஓரத்துக்கு மட்டும் வளையமாக விடலாம் என்று அவளே கண்டுபிடித்தாள். ஓரம் பிடித்தால் போதுமே, வயிற்றுக்கு எதற்குப் பசை என்றாள். அப்படிச் செய்த வாத்து இன்னும் மெத்தென்றிருந்தது. அவர் தொட்டுப் பார்த்தார். இது யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருந்தவர் அவர்.

இத்துடன் விஷயம் முடிந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அவள் புகழ ஆரம்பித்தாள். மகளிடம் போனில், “உங்கப்பா எங்கெங்கயோ தேடி எனக்குன்னு கொண்டுவந்தார்” என்றாள். ஓரகத்தியிடம் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். அவர் அடுத்த அறையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி ஒரே வரியில் நின்றார். திட்டு வாங்கினால் பதிலுக்கு ஒரு வார்த்தையாவது சொல்ல முடிகிறது. பாராட்டுக்கு அந்த வசதிகூட இல்லை.

கடையிலும் அதே பொய்தான். மெல்லிய ரகத்தை எடுத்துக் கொடுத்து, புதுசா வந்திருக்கு என்றார். பேருந்து ஓட்டுநர் வந்தபோது அவருக்கும் அதையே சொன்னார். அந்த அம்மாள் சுருளின் வெளிச்சுற்றை விரலால் தடவினார். காகித விளிம்பு பழுப்பேறியிருந்தது. விரலில் தூசி வந்தது.

“புதுசாண்ணா?”

“ம்.”

அந்த அம்மாள் விரலைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வேண்டியதை வெட்டி வாங்கிக்கொண்டு போனார். அவர் ஒரு துணியை எடுத்து அந்தச் சுருளின் தூசியைத் துடைத்தார்.

ஒரு மாலை, போர்வை முடியும் தறுவாயில், ஓரகத்தி வந்து மனைவியின் அருகே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. தன் தங்கை பிள்ளைக்கு ஒன்று தைக்க வேண்டும். அவர் எதிரே காபி குடித்துக்கொண்டிருந்தார். எந்த வலை வாங்கலாம் அக்கா என்று அவள் கேட்டாள்.

மனைவி தையலிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள். “நீ கனமானதே வாங்கிக்கோ. அதுதான் உறுதி. உனக்குக் கை நல்லா இருக்கு. இந்த லேசானதெல்லாம் என்னை மாதிரி கை போனவங்களுக்கு.”

அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. ஊரில் எது எங்கே கிடைக்கும் என்று சொல்வது போலச் சொன்னாள். அவருக்கு அப்போதுதான் தெரிந்தது, தன் பொய் மிஷினை மட்டும்தான் காப்பாற்றியது என்று. அவள் தன் கையைப் பற்றி நம்பியது அப்படியே இருந்தது; இன்னும் உறுதியாகியிருந்தது. நல்ல சரக்கு நல்ல கைக்கு, தனக்கு இந்தச் சலுகை. அதோடு அவருடைய பழைய வார்த்தை இப்போது அவள் வாயிலிருந்து இன்னொருத்திக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“கனமானது வேண்டாம்.”

“ஏன் மாமா?” என்றாள் ஓரகத்தி.

“அது தைக்கறதுக்கு இல்ல. தைக்காம ஒட்டிட்டு விடறதுக்கு. ஊசியில பசை ஏறிடும். யாரு தைச்சாலும் ஏறும்.”

மனைவி மிஷினை நிறுத்தினாள். “அப்போ இந்தப் புது ரகம் வர்றதுக்கு முன்ன எல்லாரும் எப்படித் தைச்சாங்க?”

“புதுசு இல்ல.” அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. “எப்பவும் கடையிலதான் இருந்துச்சு. அதே மூலையில. எனக்குத்தான் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். உன் கையில எந்தக் குறையும் இல்ல. அப்பவும் இல்ல.”

ஓரகத்தி இதைச் சமாளித்துவிட நினைத்தாள். வியாபாரம் என்றால் ஆயிரம் இருக்கும், இதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொண்டு என்று தொடங்கினாள். யாரும் அவள் பக்கம் திரும்பாததால் பாதியில் விட்டாள்.

மனைவி வாத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டினாள். வெட்டிய நூலை விரலில் சுற்றினாள். அவரைப் பார்க்கவில்லை.

“வலை மாறிப்போச்சு, சரி. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சீங்க.”

“ஆமா.”

“நானும்தான் சிரிச்சேன்.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அன்று கடையிலிருந்து நடந்த வழியெல்லாம் அதற்குத்தான் தயாராகியிருந்தார். வலையைத் தப்பாகக் கொடுத்தது ஒன்று. அவள் தன்னையே பார்த்துச் சிரிக்கும்படி வைத்தது வேறு. முதலாவதைச் சொல்லி முடித்தபோது இரண்டாவதையும் சேர்த்துச் சொல்லிவிட்டதாக நினைத்திருந்தார். ஓரகத்தி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு, அதற்கு அவசியமே இல்லாமல், சமையலறைக்குள் போனாள்.

“பொண்ணுக்கும் சொல்லுங்க,” என்றாள் மனைவி. “அவளும்தான் பாத்துட்டு இருந்தா.”

“ராத்திரி அவளே கூப்பிடுவா, அப்ப–”

“இப்ப.”

சொல்லிவிட்டு அவள் துணியைச் சரிசெய்து மிஷினை ஓட்டத் தொடங்கினாள். அவர் போனை எடுத்தார். விரல் ஒருமுறை தப்பான இடத்தில் பட்டது. மணி அடித்தது. மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் அறையை விட்டு வெளியே போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை. போனால் அவளுக்குக் கேட்காது.

“என்னப்பா, இந்த நேரத்துல?” என்றாள் மகள்.

“ஒண்ணுமில்ல. அம்மாவோட போர்வை விஷயம். அன்னைக்கு நான்–”

“என்னது? சத்தமா இருக்குப்பா, கேக்கல.”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கால் மிதியிலிருந்து எழவில்லை. அவர் போனை இன்னும் வாய்க்கு அருகில் கொண்டுவந்து, சமையலறைக்கும் தெருவுக்கும் கேட்கும் குரலில், முதலிலிருந்து சொன்னார்.